என்பாரும் உளர்

கே.கே. நகரில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பேசுவது சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. விதி ஒன்றுதான்: அந்த மாதம் தாம் படித்த ஒரு நூலை ஒவ்வொருவரும் கையோடு கொண்டுவர வேண்டும். இன்ன நூல் என்ற கட்டுப்பாடு கிடையாது. ஆகவே பாயில் பரப்பிக் கிடக்கும் நூல்களைப் பார்க்கும் புதியவர் எவரும் அதைப் பழைய புத்தகக் கடை என்றே நினைப்பார். 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகத்துக்குப் பக்கத்தில் பாமாவின் 'கருக்கு' இருக்கும். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நூலின்மேல் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஏறி உட்கார்ந்திருக்கும். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை ஒருவர் மூன்றாவது முறையாகக் கொண்டுவருவார், முப்பது பக்கங்களுக்குமேல் அதைத் தம்மால் படிக்க இயலவில்லை என்று இன்னொருவர் மூன்றாவது முறையாகச் சொல்வார். இருவரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. அடுத்த மாதமும் வருவார்கள்.

கூட்டம் கூடும் இடத்துக்கும் இலக்கியத்துக்கும் பழைய உறவு உண்டு. கலைஞர் கருணாநிதி நகர் என்னும் பெயரின் சுருக்கமே கே.கே. நகர். வீட்டுவசதி வாரியம் செக்டார் செக்டாராகப் பிரித்து அமைத்த இந்தக் குடியிருப்பில்தான் ஜெயகாந்தன் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் வீட்டு மாடியில் கூடிய நண்பர்களின் கூட்டத்தைச் 'சபை' என்றே எல்லோரும் அழைத்தனர். இதே பகுதியின் முனுசாமி சாலை டிஸ்கவரி புக் பேலஸ் நூல் விமர்சனக் கூட்டங்களால் வாசகர்களுக்குப் பழகியது. புத்தகம் பற்றிச் சண்டையிடுவது இந்தப் பேட்டைக்குப் புதிதன்று.

சென்ற கூட்டத்தில் ஒருவர் ஜெயகாந்தன் சிறுகதைத் தொகுதி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பேச்சு 'அக்னிப் பிரவேசம்' கதையில் போய் நின்றது. மழை பெய்யும் ஒரு மாலையில் பேருந்து நிறுத்தத்தில் தனியே நிற்கும் கல்லூரி மாணவியைக் காரில் வரும் ஒருவன் ஏற்றிக்கொண்டுபோய்ச் சூறையாடுகிறான். வீடு திரும்பி அழும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, இனி அவள் சுத்தமாகிவிட்டாள் என்று சொல்லி, ஊருக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறாள். எம் வட்டத்தில் மூத்தவர், ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. அந்தக் கதை வந்தபோது அவருக்குக் கல்லூரி வயது. பத்திரிகையை அவருடைய அப்பா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். அடுத்த வீட்டிலிருந்து வாங்கிப் படித்தாராம். "அந்தத் தாய் மாதிரி ஒருத்தி எங்க தெருவுல இருந்திருந்தா, ஒரு பொண்ணு பிழைச்சிருப்பா" என்று மட்டும் சொன்னார். யார் அந்தப் பெண் என்று எவரும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் இளம்பெண் ஒருவர் மெல்லக் கேட்டார்: "எனக்கு அந்தக் கதை பிடிக்கலை அம்மா. அந்தப் பொண்ணு என்ன தப்புப் பண்ணினா? எதுக்கு அவளைக் கழுவணும்?"

இரண்டும் உண்மையான வாசிப்புகள். ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ள அங்கிருந்த எவராலும் முடியவில்லை. நாமோ வேறொரு காரணத்தால் வாயடைத்துப்போனோம். இளம்பெண் கேட்ட அதே கேள்வியை நாம் ஏற்கெனவே ஒருமுறை, ஒரு விடைத்தாளில், படித்திருக்கிறோம். அதற்கு நாம் என்ன செய்தோம் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறோம். அதற்குமுன், ஒரு நூலைப் பற்றி இரு வேறு கருத்துகள் தோன்றும்போது தமிழர்கள் அவற்றை என்ன செய்துவந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பார்ப்பது நல்லது.

*

நம் உரையாசிரியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டுக்கோ சூத்திரத்துக்கோ தம் பொருளைச் சொன்னபின், அதே இடத்துக்கு வேறு பொருள் சொன்னவர்களையும் நினைவுகூர்ந்து, 'என்பாரும் உளர்' என்று எழுதுவார்கள். சிலபோது அதோடு விட்டுவிடுவார்கள். சிலபோது அது பொருந்தாது என்று காரணம் காட்டி மறுப்பார்கள். எப்படியானாலும் எதிர்க்கருத்தை ஏட்டிலிருந்து அழித்துவிடுவதில்லை. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை வகுக்கும்போது இளம்பூரணரோடு பல இடங்களில் மாறுபடுகிறார். இளம்பூரணர் உரை நமக்குக் கிடைக்காமல் போயிருந்தாலும், அவர் சொன்னவற்றுள் சிலவற்றை அவரை மறுத்தவரின் உரையிலிருந்தே நாம் அறிந்திருப்போம். திருக்குறளுக்குப் பதின்மர் உரை செய்தனர் என்பது மரபு. அவற்றுள் பல மறைந்தன. மறைந்த உரைகளின் குரல், மறுப்புகளின் வழியே இன்றும் மெலிதாகக் கேட்கிறது. மறுப்பு ஒருவகையில் பாதுகாப்பும் ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நன்னூலார் நூலுக்குரிய இலக்கணம் சொல்லுமிடத்தில் எழுவகை மதங்களை எண்ணுகிறார். முதலாவது உடன்படல். இரண்டாவது மறுத்தல். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதும் அந்த ஏழனுள் ஒன்றாக இடம்பெறுகிறது. கருத்து மாறுபாட்டை ஒழுங்கீனமாகக் கருதாமல், நூல் செய்வோர்க்குரிய நெறிகளுள் ஒன்றாகவே பவணந்தி கண்டார். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து ஒப்பித்த நாம், அதன் பொருளை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

அரங்கேற்றம் என்பதும் ஒருவகையில் வாசகர் கருத்துக்கு நூலை ஒப்புக்கொடுக்கும் சடங்கே. கம்பராமாயணம் திருவரங்கத்தில் அரங்கேறியபோது இரணியன் வதைப் படலத்துக்கு எதிர்ப்பு எழுந்தது என்று ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. வான்மீகத்தில் இல்லாததை நுழைக்கலாமா என்பது வினாவாம். சிங்கப் பெருமாளே சிரக்கம்பம் செய்து ஏற்றார் என்று கதை முடியும். இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெரும் நூலுக்கும் எதிர்ப்பு இருந்திருக்கும் என்று மக்கள் நம்பினார்கள் என்பதும், அந்த எதிர்ப்பைத் தீர்க்கத் தெய்வமே வர வேண்டியிருந்தது என்று கதை கட்டினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை.

*

அச்சு வந்தபின் நிலைமை மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான நூல்களைப் புரட்டினால், முகப்பில் வரிசையாகச் சாற்றுகவிகள் நிற்கும். புலவர் பலர் நூலையும் ஆசிரியரையும் பாடிப் புகழ்ந்திருப்பர். மாற்றுக் கருத்துக்கு அங்கே இடமில்லை. ஆகவே அது தனியே ஒரு துண்டு நூலாக, கண்டனமாக, வெளியே கிளம்பியது. கண்டனத்துக்குக் கண்டனம், அதற்கும் ஒரு மறுப்பு என்று சங்கிலி நீண்டது. ஒரே ஏட்டுக்குள் 'என்பாரும் உளர்' என்று அருகருகே வாழ்ந்த கருத்துகள், இப்போது எதிரெதிர் அச்சுக்கூடங்களில் முகாமிட்டன.

இதன் உச்சம் அருட்பா மருட்பாப் போர். இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் 'திருவருட்பா' என்னும் பெயரில் அச்சாயின. தேவார திருவாசகங்களுக்கே உரிய உயர்வை நம் காலத்தவர் ஒருவரின் பாடல்களுக்குத் தரலாமா என்பது ஆறுமுக நாவலர் தரப்பின் வினா. வினாவளவில் அது மறுக்கத்தக்கதன்று; இன்றும் ஒரு நல்ல கருத்தரங்கத்துக்கு அது பொருளாகும். ஆனால் அது துண்டு நூல்களில் வசையாக வளர்ந்து, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறியது. அடிகளும் நாவலரும் மறைந்த பின்பும் ஓயவில்லை. கதிரைவேற் பிள்ளை ஒருபுறமும் செய்குத்தம்பிப் பாவலர், மறைமலையடிகள் முதலியோர் மறுபுறமுமாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது தொடர்ந்தது. வைணவப் புராணங்களையும் சைவத் திருமுறைகளையும் பிழையறக் கற்ற இஸ்லாமியப் புலவர் ஒருவர் அருட்பாவுக்காக மேடையேறி வாதிட்டது அந்தக் கசப்பான வரலாற்றின் இனிய பக்கம்.

கடலூரின் அந்த மஞ்சக்குப்பத்தில்தான் பின்னாளில் ஜெயகாந்தன் பிறந்தார் என்பது தற்செயல்தான். எனினும் நினைக்கச் சுவையாக இருக்கிறது.

*

நூலைப் பற்றிய கருத்து மாறுபாடு பொதுவாசகர் முன்னிலைக்கு வந்தது பத்திரிகைகளால். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. தொடர்கதை என்றால் ஒரே வாரத்தில் அல்லது மாதத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே அத்தியாயத்தைப் படிக்கிறார்கள். அடுத்த அத்தியாயம் வருமுன் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் படிக்கப் பலர் கேட்ட பழக்கம் போய், தனியே மௌனமாகப் படிக்கும் பழக்கம் வேரூன்றியதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விளக்குகிறார். மௌனமாகப் படிப்பவருக்குத் தனிக் கருத்து உண்டாகிறது. கூட்டத்தில் கேட்பவர் அருகிலிருப்பவரின் முகத்தைப் பார்த்து வியப்பார். தனியே படிப்பவர் தம் மனத்தை மட்டுமே பார்க்கிறார். நாவல் படித்தால் பெண்களும் இளைஞர்களும் கெடுவர் என்று அக்காலத்துப் பெரியவர்கள் அஞ்சியதற்குக் கதையின் பொருள் மட்டும் காரணமன்று. படிப்பவர் என்ன நினைக்கிறார் என்பதை இனிமேல் மேற்பார்வை செய்ய முடியாது என்பதும் காரணம்.

1930களில் நடந்த பாரதி விவாதம் இன்று நமக்கு வியப்பைத் தரும். பாரதி மகாகவியா என்பதே அன்று கேள்வி. மகாகவியே என்றார் வ.ரா. உலக மகாகவிகளின் வரிசையில் வைப்பதற்கில்லை என்றார், அப்போது ஆனந்த விகடனில் இருந்த கல்கி. கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதிக்காக எழுதிய கட்டுரைகள் 1937இல் 'கண்ணன் என் கவி' என்ற நூலாயின. கல்கி தரப்பைப் படிக்கும் இன்றைய மாணவர் எவரும் சிரித்துவிடுவார். ஆனால் 'கண்ணன் என் கவி' எழுதப்பட்டதே அந்த மறுப்பால்தான். பாரதியை வெறுமனே புகழ்ந்துகொண்டிருந்தவர்களை, ஏன் புகழ்கிறோம் என்று காரணம் தேடவைத்தவர் மறுத்தவரே. அதே கல்கிதான் பின்னர்த் தம் பத்திரிகை வழியே வாசகர்களிடம் நிதி திரட்டி, எட்டயபுரத்தில் 1947இல் பாரதி மணிமண்டபம் திறக்கப்படக் காரணமானார். பாரதிக்கு எதிராக வாதிட்டவர் பாரதிக்கு மண்டபம் கட்டினார். கருத்து மாறுபாட்டை அன்பின்மையாகக் கொள்வது எவ்வளவு தவறு என்பதற்கு அந்த மண்டபமே சான்று.

புதுமைப்பித்தன் இதில் வேறு வகை. மதிப்புரை எழுதினால் ஈவிரக்கம் காட்டமாட்டார். 'ரசமட்டம்' என்னும் புனைபெயரில் கல்கியின் எழுத்துகளைத் தழுவல் என்று சாடினார். ஆனால் அவருடைய மிக ஆழமான மறுப்பு மதிப்புரையாக வரவில்லை, கதையாக வந்தது. 1943இல் எழுதிய 'சாப விமோசனம்' கதையில், கல்லிலிருந்து உயிர்பெற்ற அகலிகை, இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்டதும் மீண்டும் கல்லாகிறாள். இராமாயணத்தைப் படித்த ஒரு வாசகரின் 'எனக்கு இது உடன்பாடில்லை' என்ற குரல் அது. முன்னுரையில் சொன்னால் கருத்து. கதைக்குள் சென்றால் இலக்கியம்.

*

சுதந்திரத்துக்குப் பின் தமிழ் வாசகர் உலகம் இரண்டாகப் பிரிந்தது எனலாம். 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடருக்காக வாராவாரம் காத்திருந்தவர்கள் ஒருபுறம். க.நா.சுப்ரமண்யத்தின் பட்டியல்களைப் பார்த்துப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தவர்கள் மறுபுறம். க.நா.சு. ஒவ்வொரு முறை பட்டியலிடும்போதும் ஒருவரைச் சேர்ப்பார், ஒருவரை விடுவார், சண்டை மூளும். காரணம் சொல்லாமல் அபிப்பிராயம் மட்டும் சொல்கிறார் என்பது அவர்மீது எழுந்த குற்றச்சாட்டு. அந்தக் குறையை நிரப்புவதுபோல் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். ஒரு கவிதை ஏன் நன்றாயிருக்கிறது என்பதை வரி வரியாகப் பிரித்துக் காட்டும் அலசல் விமர்சனம் அங்கே வேர்விட்டது. க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வந்தபோது, வெங்கட் சாமிநாதன் அதைக் கடுமையாக மறுத்தார். யாழ்ப்பாணத்தவர் எழுதிய நூலுக்குத் தமிழ்நாட்டவர் சொன்ன மறுப்பு இரு கரைகளிலும் பேசப்பட்டது.

சிறுபத்திரிகைகளின் வாசகர்கள் சில நூறு பேர். விகடன், குமுதம், கல்கி வாசகர்கள் லட்சக்கணக்கானோர். சில நூறு பேரின் விவாதங்கள் தொகுதிகளாகிவிட்டன, ஆய்வேடுகளும் பெருகிவிட்டன. லட்சக்கணக்கானோர் என்ன நினைத்தார்கள் என்பதற்கோ, அஞ்சலட்டையில் எழுதிப் போட்ட கடிதங்களைத் தவிரச் சான்றில்லை. அவற்றுள் பெரும்பாலானவை அச்சேறவே இல்லை. தமிழ் வாசிப்பின் வரலாறு என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது உண்மையில் எழுதியவர்கள் எழுதியவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதன் வரலாறே. அடுத்த வீட்டில் பத்திரிகை வாங்கிப் படித்த கல்லூரிப் பெண்ணுக்கு அதில் இடமில்லை.

இந்தப் பொதுவிதிக்கு ஒரு விலக்குத்தான் 'அக்னிப் பிரவேசம்'.

அந்தக் கதை 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. எதிர்ப்பு பெருகியது. மரபு கெட்டது என்றவர்கள் இருந்தனர். குற்றத்தை மறைப்பதற்குத் தாயே துணைபோகலாமா என்றவர்கள் இருந்தனர். இதுதான் தாய்மை என்று கொண்டாடியவர்களும் இருந்தனர். ஒரு சிறுகதைக்காக வீடுகளுக்குள் அம்மாவும் மகளும், மாமியாரும் மருமகளும் வாதிட்டுக்கொண்ட காலம் அது என்று எம் தலைமையாசிரியை சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஜெயகாந்தன் சளைக்காமல் பதில் சொல்லக்கூடியவர். மேடையில் அவரோடு வாதிட்டு மீள்வது கடினம். ஆனால் அவர் தந்த பெரிய பதில் மேடையில் தரப்படவில்லை. எதிர்த்தவர்களின் பக்கமாகப் போய் நின்று, அவர்கள் விரும்பியபடியே கதை நடந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தார். தாய் தண்ணீர் ஊற்றவில்லை, மறைக்கவில்லை, அலறினாள், ஊருக்குத் தெரிந்தது. அண்ணன் வீட்டைவிட்டு விரட்டினான். அந்தப் பெண் கங்கை படித்து, வேலைக்குப் போய், எந்த ஆணையும் நம்ப முடியாதவளாகத் தனித்து வாழ்கிறாள். ஆதரவு தந்த மாமாவின் பார்வையும் மாசுடையதாகவே இருக்கிறது. 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நூலானது அந்த நாவல்.

இதில் நாம் வியப்பது ஒன்று. நாவலுக்குள்ளேயே கங்கை ஒரு பத்திரிகையில் 'அக்னிப் பிரவேசம்' கதையைப் படிக்கிறாள். அதை எழுதியவர் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளராம். தன் வாழ்க்கையின் ஒரு மாலைப்பொழுது கதையாகியிருப்பதையும், அந்தக் கதையில் வரும் தாய் தன் தாயைப்போல் இல்லாததையும் அவள் காண்கிறாள். ஆக, கங்கை அந்தக் கதையின் பாத்திரமும் ஆவாள். அதைப் படித்த வாசகியும் ஆவாள். வாசகர் கடிதங்களில் வெளியே நின்ற கருத்து மாறுபாட்டை ஜெயகாந்தன் நூலுக்குள் அழைத்து உட்காரவைத்துவிட்டார். உரையாசிரியர்களின் 'என்பாரும் உளர்' இங்கே ஒரு நாவலாக விரிந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையன்று.

அந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. கங்கையாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் கருத்து மாறுபாடு அத்துடன் நிற்கவில்லை. கங்கை குடிக்குத் தன்னை இழப்பதாக நாவல் முடிவதைப் பலர் ஏற்கவில்லை. 1978இல் ஜெயகாந்தன் 'கங்கை எங்கே போகிறாள்' எழுதினார். முதல் நாவலே போதும் என்போர் இன்றும் உளர். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்போரும் உளர். ஒரு சிறுகதைக்குக் கிடைத்த எதிர்ப்பு இரு நாவல்களையும் ஒரு திரைப்படத்தையும் தமிழுக்குத் தந்துவிட்டது. எதிர்த்தவர்களுக்கு நாம் நன்றி சொல்லவே இல்லை.

*

இந்த வரலாற்றை இங்கேயே மங்களமாக முடித்துவிடலாம். ஆனால் அது நேர்மையாகாது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. திருச்செங்கோட்டு வட்டாரத்தில், குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியரின் துயரத்தைச் சொல்லும் நாவல். முடிவில் காளி என்ன ஆனான் என்பதைத் திறந்தே விட்டிருந்தார் ஆசிரியர். வாசகர்கள் தமக்குத் தோன்றியபடி முடித்துக்கொண்டனர். 2014இல் அவரே இரு விடைகளை இரு நாவல்களாக எழுதினார்: 'ஆலவாயன்' நூலில் காளி இல்லை, 'அர்த்தநாரி' நூலில் இருக்கிறான். ஜெயகாந்தன் சென்ற பாதையின் நீட்சியாகவே இதைக் கொள்ளலாம். ஒரே வினாவுக்கு ஒன்றையொன்று மறுக்கும் இரு விடைகளை ஒரே ஆசிரியர் அருகருகே வைத்தார்.

அதே 2014இன் இறுதியில் மாற்றுக் கருத்து வேறு உருவில் வந்தது. ஊரையும் பெண்களையும் நாவல் இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பு நூல் எரிப்பாகவும் கடையடைப்பாகவும் மாறியது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப்பின், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு நூல் பிடிக்கவில்லையென்றால் வாசகர் அதை மூடிவைத்துவிடலாம் என்பது தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று. அவர் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

1966இல் எதிர்த்தவர்களின் மனம் புண்படவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2014இல் எதிர்த்தவர்கள் அனைவரும் பொய்யாக நடித்தனர் என்றும் சொல்லமாட்டோம். தம் ஊரின் பெயர் நாவலில் வந்ததால் வருந்திய ஓர் எளிய மனிதரின் வருத்தம் மெய்யானதே. வேறுபாடு வருத்தத்தின் அளவில் இல்லை. அது சென்ற வழியில் இருக்கிறது. ஒன்று எழுத்தாளரை மேலும் எழுதவைத்தது. மற்றது எழுத்தை நிறுத்தச் சொன்னது. 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்பது கருத்து. 'இதை நீ படிக்கக் கூடாது' என்பது கருத்தன்று, ஆணை. முதலாவது இருந்தால்தான் நூலுக்கு உயிர். இரண்டாவது வந்ததும் நூல் மட்டுமன்றி, அதை மறுத்துப் பேச விரும்பிய வாசகரும் வாயடைத்துப்போகிறார். 'மாதொருபாகன்' ஒரு சுமாரான நாவல் என்று இலக்கியக் காரணங்களோடு சொல்ல நினைத்தவர்கள்கூட அந்த நாட்களில் பேச இயலவில்லை; பேசினால் எரித்தவர்களின் பக்கம் என்று ஆகிவிடும். தடை முதலில் கொல்வது விமர்சனத்தைத்தான்.

*

இதையெல்லாம் வகுப்பறையில் முழங்குவது எளிது. விடைத்தாள் கதைக்கு வருகிறோம்.

ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், கல்லூரி ஒன்றில் 'அக்னிப் பிரவேசம்' கதையை நடத்தினோம். தாயின் செயல் புரட்சிகரமானது; உடலில் இல்லை கற்பு, மனத்தில் இருக்கிறது என்பதே கதையின் செய்தி; தலைப்பு சீதையை நினைவூட்டுகிறது; நெருப்புக்குப் பதில் நீர் என்பது ஆசிரியரின் கலைத்திறன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள ஏற்றபடி எல்லாவற்றையும் சொன்னோம். தேர்வில் அறுபது பேரும் அப்படியே எழுதினர். ஒரு மாணவி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். தண்ணீர் ஊற்றியதால் சுத்தமானாள் என்றால் ஊற்றுவதற்குமுன் அழுக்காக இருந்தாள் என்றுதானே பொருள், தவறு செய்தவன் காரில் போய்விட்டான், அவனை யார் கழுவுவது என்று கேட்டிருந்தாள். சீதைக்கு நெருப்பும் தேவையில்லை, இவளுக்கு நீரும் தேவையில்லை என்று முடித்திருந்தாள்.

பத்துக்கு மூன்று போட்டோம். 'பாடப்பொருளோடு பொருந்தவில்லை' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினோம். அவள் அறைக்கு வந்து, "ஐயா, கதையை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்று கேட்டாள். "அப்படிப் படிக்கக் கூடாதும்மா" என்று சொல்லி அனுப்பினோம். அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேர்வில் மற்றவர்களைப்போலவே எழுதி ஒன்பது மதிப்பெண் வாங்கினாள். அந்த ஒன்பதுதான் இன்று நம்மை உறுத்துகிறது.

'சாப விமோசனம்' கதையை அதே ஆண்டு அதே வகுப்பில் நடத்திய நாம், புதுமைப்பித்தன் கேட்டால் இலக்கியம் என்றும், மாணவி கேட்டால் பிழை என்றும் கொண்டுவிட்டோம். பத்திரிகையை அலமாரியில் வைத்துப் பூட்டிய தந்தைக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவர் இரும்புப் பூட்டுப் போட்டார். நாம் மதிப்பெண் பூட்டுப் போட்டோம்.

கே.கே. நகர் மாடியில் அந்த இளம்பெண் கேட்டபோது, மூத்தவர் மறுக்கவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நீ சொல்றதும் சரிதான். ஆனா அன்னைக்கு எங்களுக்கு அந்தத் தண்ணியாவது வேணும்னு இருந்துச்சு" என்றார். 1966இன் வாசகியும் இன்றைய வாசகியும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தனர். கதை அவர்களுக்கு நடுவில் கிடந்தது. தன் கருத்தை இருவரில் எவரும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் மற்றவர் ஏன் அப்படிப் படித்தார் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. நூல்களைப் பற்றிப் பேசக் கூடுவதால் இதைவிடப் பெரிய பயன் வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

மாணவி எழுதிய அந்த விடைத்தாள் இப்போது இருக்காது, விதிப்படி அழித்திருப்பார்கள். இருந்தால், சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டு, உரையாசிரியர்கள் வழங்கிய அந்த இரண்டு சொற்களை ஓரத்தில் எழுதி, மதிப்பெண்ணையும் திருத்திக் கொடுத்திருப்போம். இயலாததால் இங்கே எழுதிவைக்கிறோம்.